லாக் இருக்கிறது என்பது பதிலாகாது

ஒரு நிறுவனத்தின் கணினி வலைப்பின்னலில் யாருக்கு இடம் உண்டு, எந்த சர்வரை யார் தொடலாம், யாருடைய கட்டளைக்கு எல்லாக் கணினிகளும் பணிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் ஏடு டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வருடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரிதான் இன்றும் பெரும்பாலான அலுவலகங்களில் அந்த வேலையைச் செய்கிறது. கிளவுடில் அதே வேலையைச் செய்ய என்ட்ரா ஐடி இருக்கிறது. பயனர் கணக்கு, கணினிக் கணக்கு, குரூப், பாலிசி எல்லாமே அந்த ஏட்டின் வரிகள். புதுக் கணக்கு தொடங்கினாலும், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தந்தாலும், ஒருவரை ஒரு குரூப்பில் சேர்த்தாலும் அந்த ஏட்டில் ஒரு வரி மாறுகிறது.

அந்த ஏடு போனால் என்ன ஆகும் என்பதை மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2017 ஜூனில் கண்டது. நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல் உலகெங்கும் அதன் ஏட்டைத் தாங்கியிருந்த சர்வர்களை, அதாவது டொமைன் கன்ட்ரோலர்களைத் துடைத்துவிட்டது. கானா நாட்டில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. நிறுவனம் மறுபடி எழுந்தது அந்த ஒன்றின் நகலைக் கொண்டுதான். ஏடு அழிந்தால் உடனே தெரிந்துவிடும். ஏட்டில் யாரோ ஒரு வரியைத் திருத்தினால் தெரியாது. இந்தக் கட்டுரையின் பொருள் இரண்டாவது.

கணக்கு மாற்றங்களைப் பற்றி ஐடி துறையில் வேரூன்றிப்போன கருத்து ஒன்று உண்டு. ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. அதைத் தடுக்க வாசலில் ஃபயர்வாலும் ஒவ்வொரு கணினியிலும் ஆன்ட்டிவைரசும் இருக்கின்றன. உள்ளே நடக்கும் மாற்றங்கள் அன்றாட அலுவல்: ஆள் சேருவார், ஆள் விலகுவார், யாராவது பாஸ்வேர்டை மறப்பார். எல்லாம் லாகில் பதிவாகிறது. ஏதாவது நடந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நடக்கும்போதே பார்ப்பதென்றால் ஆயிரக்கணக்கான வரிகளில் மூழ்க வேண்டும், அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆடிட்டர் கேட்டால் “லாக் இருக்கிறது” என்று சொல்லப்படுகிறது. பல இடங்களில் அவரும் அந்தப் பதிலோடு எழுந்துவிடுகிறார்.

கேட்பதற்கு இது நிதானமான பேச்சாகத் தோன்றும். ஆனால் இதில் தேறக்கூடிய வாதம் ஒன்றுகூட இல்லை.

ஆபத்து வெளியே இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். 2021 மே 7 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்த்தடத்தை நிறுத்தியது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ஏறக்குறைய 44 லட்சம் டாலர் பிணைப்பணம் கை மாறியது. ஊடுருவியவர்கள் எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. புழக்கத்தில் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு அவர்களிடம் இருந்தது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கிடையாது. ஃபயர்வாலைப் பொறுத்தவரை, முறையான கணக்கு ஒன்று முறையான வழியில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது தன் கடமையைத் தவறவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது.

இப்படி நுழைபவருக்குக் கையில் கிடைக்கும் முதல் கணக்கு பெரும்பாலும் சிறியது. அதை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதிகாரம் கூடிய குரூப் ஒன்றில் இடம் வேண்டும். பழைய கணக்கு பிடிபட்டால் திரும்பி வர மாற்றுக் கணக்கு வேண்டும். சரிபார்ப்புக் குறியீடு தன் ஃபோனுக்கு வரும்படி செய்துகொள்ள வேண்டும். இந்தத் தேவை ஒவ்வொன்றும் டைரக்டரியில் ஒரு திருத்தமாகத்தான் நிறைவேறும். சுவரைத் தாண்டியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஏட்டில் கை வைக்கிறார்.

இதற்கு மைக்ரோசாஃப்டைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 2023 நவம்பர் இறுதியில், மிட்நைட் பிளிசார்ட் என்று பெயரிடப்பட்ட ரஷ்ய உளவுக் குழு அந்த நிறுவனத்தின் பழைய சோதனைச் சூழலில் இருந்த கணக்கு ஒன்றைப் பிடித்தது. பல கணக்குகளில் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும் பழைய உத்தியே போதுமானதாக இருந்தது. அங்கிருந்து, நிறுவனத்தின் முதன்மைச் சூழலில் கூடுதல் அதிகாரம் பெற்றிருந்த ஒரு பழைய சோதனைச் செயலியைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு செய்தவை எல்லாம் ஏட்டுத் திருத்தங்கள். புதிய செயலிகளைப் பதிவு செய்தார்கள். அந்தச் செயலிகளுக்கு ஒப்புதல் தருவதற்கென்றே ஒரு பயனர் கணக்கைப் புதிதாக உருவாக்கினார்கள். எல்லா மின்னஞ்சல் பெட்டிகளையும் திறக்கும் உரிமையை அந்தச் செயலிகளுக்குக் கொடுத்தார்கள். உயர் நிர்வாகிகள் சிலரின் அஞ்சல்கள் போயின. நிறுவனம் இதைக் கண்டறிந்தது 2024 ஜனவரி 12 அன்று. ஆக்டிவ் டைரக்டரியை எழுதிய நிறுவனத்தின் சொந்த டைரக்டரியில் ஒரு புதுக் கணக்கு முளைத்து, அது அதிகாரமும் வழங்கியிருக்கிறது.

மாற்றத்தைக் கவனித்தால் என்ன ஆகும் என்ற மறுபக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஃபயர்ஐயில், ஊழியர் ஒருவரின் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காகப் புதிதாக ஒரு ஃபோன் பதிவாகியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே ஒரு ஃபோன் பதிவில் உண்டு. ஃபோன் மாற்றுவதும் இன்னொன்று சேர்ப்பதும் ஊழியர்கள் அன்றாடம் செய்வதுதான். பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர் அந்த மாற்றத்தைப் பார்த்து, அந்த ஊழியரைக் கூப்பிட்டு, இந்த ஃபோனைச் சேர்த்தது நீங்களா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அந்த நூலைப் பிடித்துப் போனபோதுதான் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளுக்குள் பின்கதவு வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 2020 டிசம்பர் 13 அன்று அது வெளியுலகுக்கு வந்தது. அந்த நச்சு அப்டேட் அதே ஆண்டு மார்ச் முதலே பரவிக்கொண்டிருந்தது; சுமார் 18,000 நிறுவனங்கள் அதை நிறுவியிருந்தன. அமெரிக்கக் கருவூலத் துறையும் வணிகத் துறையும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும். அப்டேட்டில் உற்பத்தியாளரின் முறையான டிஜிட்டல் கையொப்பம் இருந்ததால் ஆன்ட்டிவைரஸ் அதை வழிவிட்டு அனுப்பியது. ஃபயர்வாலும் அனுப்பியது. ஏறக்குறைய ஒன்பது மாதம் யார் கண்ணிலும் படாத உளவு வேலையை ஒரு கணக்கு மாற்றமும் ஒரு ஃபோன் அழைப்பும் வெளியே இழுத்துப் போட்டன.

கணக்கு மாற்றம் மற்ற லாக் வரிகளிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஏதோ ஒரு முகவரிக்கு ஏதோ ஒரு கணினி தரவு அனுப்பியது என்ற வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. ஆராய வேண்டும், ஊகிக்க வேண்டும். கணக்கு மாற்றத்துக்கு ஒரு மனிதர் பொறுப்பு. செய்தீர்களா என்று அவரைக் கேட்டால் உண்டு, இல்லை என்று பதில் வரும். பாதுகாப்புத் துறையில் இத்தனை மலிவாக உண்மையை அறியும் வழி வேறு இல்லை.

அடுத்தது, மாற்றங்கள் ஏராளம், பார்த்து மாளாது என்ற வாதம். எண்ணிப் பார்க்காமலே சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு இது. டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்பு லாகை நிரப்புவது உள்நுழைவுகளும், அவற்றை உறுதிப்படுத்தும் கெர்பரோஸ் டிக்கெட்டுகளும்தான். 4624, 4768, 4769 என்ற நிகழ்வு எண்கள், காலையில் ஊழியர்கள் கணினியைத் திறந்ததுமே மழைபோல் கொட்டும். மாற்றங்கள் அந்த மழையில் சேராது. டொமைன் அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஸ்கீமா அட்மின்ஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அக்கவுன்ட் ஆபரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் ஆகிய ஆறு குரூப்புகளை எடுத்துக்கொண்டால், ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தில் இவற்றில் ஆள் சேர்வதும் விலகுவதும் ஆண்டு முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஸ்கீமா அட்மின்ஸ் குரூப்பை வேலை இல்லாத நாட்களில் காலியாகவே வைக்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. காலியாக இருக்க வேண்டிய குரூப்பில் ஒரு பெயர் விழுந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை என்பது என்ன நியாயம்?

அந்த வரி எப்படி இருக்கும் என்று பார்த்தால் பயம் தெளியும். டொமைன் அட்மின்ஸில் ஒருவரைச் சேர்த்ததும் 4728 என்ற எண்ணோடு ஒரு நிகழ்வு எழுதப்படும். அதில் மூன்று பகுதிகள் உண்டு: சேர்த்தவர் யார், சேர்க்கப்பட்டவர் யார், எந்தக் குரூப். நேரமும், மாற்றம் எந்த டொமைன் கன்ட்ரோலரில் நடந்தது என்பதும் கூடவே இருக்கும். எந்தக் கணினியிலிருந்து செய்தார் என்பது மட்டும் இருக்காது. சேர்த்தவரின் பகுதியில் உள்ள லாகான் ஐடியை எடுத்து, அதே ஐடி உள்ள 4624 வரியைத் தேடினால் அந்த முகவரியும் கிடைத்துவிடும். லோக்கல் வகைக் குரூப்புக்கு எண் 4732, யுனிவர்சல் வகைக்கு 4756. (விண்டோஸ் 2003 காலத்தில் இவை 632, 636, 660 என்று இருந்தன. விஸ்டாவிலிருந்து பழைய எண்களோடு 4096 கூட்டிப் புது எண் வைத்தார்கள். பழைய அட்மின்கள் இன்னும் மனக்கணக்குப் போடுவதைப் பார்க்கலாம்.)

ஒரு குரூப்புக்குள் இன்னொரு குரூப் இருக்கும்போது மட்டும் ஏமாறாமல் இருக்க வேண்டும். டொமைன் அட்மின்ஸுக்குள் “சர்வர் சப்போர்ட்” என்று ஒரு குரூப் சேர்க்கப்பட்டிருந்தால், சர்வர் சப்போர்ட்டில் சேர்பவருக்கும் முழு அதிகாரம் வந்துவிடும். லாகில் சர்வர் சப்போர்ட் என்ற பெயர்தான் இருக்கும். டொமைன் அட்மின்ஸ் என்ற சொல்லே தென்படாது. ஆகவே கவனிக்க வேண்டிய பட்டியலில் உள்ளடங்கிய குரூப்புகளும் வர வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க அரை நாள் போதும்.

பாஸ்வேர்டு விஷயமும் இப்படித்தான். ஒருவர் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றினால் 4723. அடுத்தவர் மாற்றித் தந்தால் 4724. நாள்தோறும் நடக்கும் முதலாவதை விட்டுவிடலாம். ஹெல்ப்டெஸ்க் சாதாரண ஊழியருக்குச் செய்து தரும் இரண்டாவதையும் விட்டுவிடலாம். அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டை வேறொருவர் மாற்றித் தந்ததாக 4724 வந்தால் அது அந்த நிமிடமே யாராவது ஒருவர் பார்க்க வேண்டியது. சலித்தெடுத்த பிறகு கையில் மிஞ்சுபவை வாரத்துக்குச் சில வரிகள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குரூப் பட்டியலை அச்செடுத்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம் என்று சிலர் இதற்குப் பதில் சொல்வதுண்டு. ஆனால் ஊடுருவியவர் இரவு 11 மணிக்கு ஒரு கணக்கை உருவாக்கி, அட்மின் குரூப்பில் சேர்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, குரூப்பிலிருந்து நீக்கி, கணக்கையும் அழித்துவிட்டுப் போகலாம். 4720, 4728, 4729, 4726 என்று நான்கு வரிகள் லாகில் இருக்கும். காலையில் டைரக்டரி நேற்று இருந்தபடியே இருக்கும். மூன்று மாதம் கழித்து எடுக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடும் மேலாளர் பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

எல்லாம் லாகில் பதிவாகிறது என்பது அடுத்த நம்பிக்கை. இது பாதி உண்மை. ஆபத்து மற்றப் பாதியில் இருக்கிறது. கணக்கு உருவாக்கமும் குரூப் சேர்க்கையும் டொமைன் கன்ட்ரோலரில் தாமாகவே பதிவாகும். டைரக்டரிப் பொருள்களில் நடக்கும் நுணுக்கமான திருத்தங்கள் அப்படிப் பதிவாகாது. அவற்றுக்கென விண்டோஸ் சர்வர் 2008-இல் டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ் என்ற தனிப் பிரிவு வந்தது. 5136 முதலான எண்கள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவை. பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்பதை இரண்டு வரிகளாக எழுதும் அருமையான வசதி. ஆனால் அது இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. யாராவது பாலிசியில் இயக்க வேண்டும். எந்தப் பொருளைக் கவனிக்க வேண்டுமோ அதன் மீது தணிக்கைக் குறியும் இட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு வரிகூட எழுதப்படாது. லாக் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் பல அலுவலகங்களில் இருப்பது இந்தப் பாதி லாக்தான்.

விடுபடும் பாதியில் என்ன போகிறது என்பதற்கு அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற பொருள் நல்ல உதாரணம். டைரக்டரியின் சிஸ்டம் பகுதியில், யாரும் திறந்து பார்க்காத இடத்தில் அது இருக்கும். அட்மின் குரூப்புகளின் மீது யாருக்கு என்ன அனுமதி என்பதற்கான அச்சு அது. 60 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் உள்ள அனுமதிகள் எல்லா அட்மின் குரூப்புகளுக்கும் கணக்குகளுக்கும் நகலெடுக்கப்படும். யாராவது அனுமதிகளைத் தவறாக மாற்றிவிட்டால் தானாகச் சரியாகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட ஏற்பாடு. ஊடுருவியவர் அந்த அச்சில் ஒரு சாதாரணக் கணக்கின் பெயரில் முழு அனுமதி என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு டொமைன் அட்மின்ஸையே ஆளும். எந்தக் குரூப்பிலும் புது உறுப்பினர் சேர்ந்திருக்கமாட்டார். எச்சரிக்கையான அட்மின் ஒருவர் டொமைன் அட்மின்ஸின் மேல் அந்த அனுமதியைப் பார்த்து நீக்கினாலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் அது திரும்பி வந்து நிற்கும். அச்சுப் பொருளின் மீது 5136-ஐக் கவனித்திருந்தால் மட்டுமே இது நடந்த நொடியில் தெரியும். டொமைனின் வேர்ப் பொருளில் யாருக்காவது பிரதியெடுப்பு உரிமை கொடுக்கப்படுவதும் இதே வகை. அந்த உரிமை இருந்தால், எல்லோருடைய பாஸ்வேர்டு ஹாஷ்களையும் இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் கேட்பதுபோல் கேட்டு வாங்கிவிடலாம்.

பதிவாகும் பாதியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டைரக்டரியின் உள்ளடக்கம் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் பரவும், லாக் பரவாது. மாற்றம் எந்த கன்ட்ரோலரில் செய்யப்பட்டதோ அதில் மட்டும்தான் அந்த வரி இருக்கும். சென்னைத் தலைமை அலுவலகத்து லாகை மட்டும் பார்ப்பவருக்கு மதுரைக் கிளையின் கன்ட்ரோலரில் உருவான கணக்கு தெரியும், அதை உருவாக்கியவர் தெரியமாட்டார். லாக் கோப்புக்கு அளவு உண்டு; நிறைந்ததும் பழைய வரிகள் மேலெழுதப்படும். உள்நுழைவு வரிகள் கொட்டும் பரபரப்பான கன்ட்ரோலரில் அதற்கு அதிக நாள் பிடிக்காது.

வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம் என்ற வாதம் இங்கேயே பாதி செத்துவிடுகிறது. கிளவுடிலும் கதை வேறில்லை. என்ட்ரா ஐடியின் தணிக்கைப் பதிவு இலவச வகையில் 7 நாள், கட்டண வகையில் 30 நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வாடிக்கையாளர்தான் வெளியே சேமிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சம்பவத்தில் நுழைவுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே 30 நாளைவிட அதிகம் ஓடியிருக்கிறது. தனியாகச் சேமிக்காத நிறுவனம் ஒன்றில் இதே நடந்திருந்தால், எடுத்துப் பார்க்கத் தொடக்கமே மிஞ்சியிருக்காது. இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த 6 மணி நேரம் ஓடத் தொடங்குவது அறிந்த பிறகு. அறிவதற்கான வழி இல்லாத நிறுவனம் 180 நாள் லாகைப் பத்திரமாக வைத்திருப்பது, மனை அடுத்தவர் பெயருக்கு மாறிய செய்தியை விற்கப் போகும் நாளில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது போன்றது. சான்றில் எல்லாம் சரியாகவே எழுதியிருக்கும்.

நடந்த மாற்றத்தைப் போலவே நடக்காத மாற்றமும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஒரு மாநில அரசு அலுவலகத்துக்குள் ஊடுருவியவர் விலகிப்போன ஊழியரின் அட்மின் கணக்கைப் பயன்படுத்தியதை விவரிக்கிறது. ஆள் போய்விட்டார், கணக்கு இருந்தது. மனிதவளப் பிரிவின் விலகல் பட்டியலையும் 4725 என்ற கணக்கு முடக்க நிகழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டியலில் பெயர் இருந்தும் முடக்கம் வராத கணக்கு தானே தெரியும். எந்த ஃபயர்வாலாலும் இதைச் சொல்ல முடியாது.

துறையில் அனுபவம் உள்ளவர்கள் வைக்கும் மறுப்பு சற்றுக் கனமானது. திறமையான ஊடுருவிக்கு டைரக்டரியில் தடம் பதிக்காமல் வேலை செய்யத் தெரியும் என்கிறார்கள். உண்மைதான். கெர்பரோஸின் மூலச் சாவியைத் திருடியவர் போலி டிக்கெட்டுகளைத் தானே அச்சடித்துக்கொள்ளலாம். ஏட்டில் ஒரு வரியும் மாறாது. பாதுகாப்பு ஆய்வாளர்களான பெஞ்சமின் டெல்பியும் வின்சென்ட் லெ டூவும் 2018-இல் காட்டிய டிசிஷேடோ உத்தியில், போலி டொமைன் கன்ட்ரோலர் ஒன்றைப் பதிவு செய்து, அதன் வழியாக மாற்றங்களைப் பிரதியெடுப்பாக உள்ளே தள்ளிவிடலாம். வழக்கமான 5136 அதற்கு எழாது. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இரண்டு உத்திகளுக்கும் டொமைன் அட்மினுக்கு நிகரான அதிகாரம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அந்த அதிகாரத்துக்கு ஏறிவரும் படிகளில் பெரும்பாலானவை தடம் பதிப்பவை. டிசிஷேடோவுமே போலி கன்ட்ரோலரைப் பதிவு செய்து அழிக்கும்போது கான்ஃபிகரேஷன் பகுதியில் ஒரு சர்வர் பொருளை உருவாக்கி நீக்குகிறது. புதிய கன்ட்ரோலர் நிறுவாத ஒரு நாளில் அங்கே அப்படி ஒரு பொருள் தோன்ற வேறு காரணமே இல்லை. கண்காணிப்பு எல்லாவற்றையும் பிடிக்காது என்பதால் எதையும் பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்வது விசித்திரமான தர்க்கம்.

எச்சரிக்கை வந்தும் பயனில்லாமல் போன கதையையும் சொல்வார்கள். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. நிறுவனம் வாங்கி வைத்திருந்த கருவி எச்சரித்தது. பெங்களூரில் இருந்த அதன் கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவலும் அனுப்பியது. அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. இதிலிருந்து கண்காணிப்பே வீண் என்று முடிவு கட்டுவதற்கு முன், வந்த எச்சரிக்கையின் பெயரைப் பார்க்க வேண்டும். தீநிரல் என்பதற்கு மேல் எதையும் சொல்லாத பொதுப் பெயர் அது. யாரைக் கேட்பது, எதைச் சரிபார்ப்பது என்று அதில் இல்லை. இன்னார் இன்னாரை இந்தக் குரூப்பில் இத்தனை மணிக்குச் சேர்த்தார் என்று ஒரு வரி வந்திருந்தால், அதை ஒதுக்கித் தள்ளுவது அத்தனை எளிதாக இருந்திருக்காது. டார்கெட் சொல்லும் பாடம் தெளிவற்ற எச்சரிக்கைகளுக்கு எதிரானது.

கடைசியாக, அட்மின்களைக் கண்காணிப்பது அவர்களை அவமதிப்பது என்ற மனத்தாங்கல். பல அலுவலகங்களில் உண்மையான தடை இதுதான். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. 2023 ஆகஸ்டில், உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஊடுருவிகள் ஹெல்ப்டெஸ்க்குக்கு ஃபோன் போட்டு, மிக உயர்ந்த அதிகாரம் உள்ள ஊழியர்போல் பேசி, அவருடைய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீக்கித் தரச் செய்கிறார்கள். பிறகு அந்தக் கணக்கில் நுழைந்து மற்றக் கணக்குகளின் அதிகாரத்தைக் கூட்டுகிறார்கள் என்பது அதன் சாரம். அங்கே மாற்றத்தைச் செய்தவர் நேர்மையான ஹெல்ப்டெஸ்க் ஊழியர். அவர் மீது சந்தேகம் இருந்தோ இல்லாமலோ, அந்த மாற்றம் நடந்த ஐந்தாவது நிமிடம் கணக்கின் உண்மையான சொந்தக்காரருக்கு ஓர் அழைப்பு போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அட்மினுக்கும் இது பாதுகாப்பு. அவருடைய கணக்கை யாரோ திருடி வேலை செய்யும்போது, அது தான் இல்லை என்று காட்ட அவரிடம் இந்தப் பதிவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆனால் எச்சரிக்கை அட்மின் ஒருவரிடம் மட்டும் போகக் கூடாது. அவருடைய கணக்கு பறிபோனால் அவருடைய அஞ்சல்பெட்டியும் பறிபோயிருக்கும். பாதுகாப்புப் பிரிவு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் நிர்வாகத்தில் ஒருவருக்கு, டைரக்டரிக் கணக்கைச் சாராத ஒரு ஃபோனுக்குப் போக வேண்டும். லாக் அழிக்கப்பட்டது என்று சொல்லும் 1102, தணிக்கைப் பாலிசி மாற்றப்பட்டது என்று சொல்லும் 4719 ஆகிய இரண்டும் எந்நேரமானாலும் அந்த ஃபோனை ஒலிக்கச் செய்ய வேண்டியவை. லாகை அழித்தாலும் அழித்தவரின் பெயரோடு 1102 முதல் வரியாக எழுதப்படும். வரிகள் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தால், அழித்தவருக்கு அழித்த பயனும் கிடைக்காது.

பணம் இல்லை என்பதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. சீம் என்று அழைக்கப்படும் பெரிய கண்காணிப்பு மென்பொருள்கள் விலை கூடியவை, உண்மை. அவை வந்த பிறகும், எல்லா லாகையும் அவற்றுக்குள் கொட்டிவிட்டு ஒரு விதிகூட எழுதாமல் விட்ட இடங்கள் உண்டு என்பதும் உண்மை. சில கன்ட்ரோலர்கள் மட்டும் உள்ள நிறுவனத்துக்கு அவை கட்டாயம் இல்லை. ஈவென்ட் ஃபார்வர்டிங் என்ற வசதியால் எல்லா கன்ட்ரோலர்களிலிருந்தும் குறிப்பிட்ட எண்களை மட்டும் ஒரு தனி சர்வருக்கு அனுப்பலாம். ஈவென்ட் வியூவரில் ஒரு நிகழ்வைத் தேர்ந்து, அது வரும்போதெல்லாம் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி ஃபோனுக்குச் செய்தி அனுப்பும்படி இணைக்கலாம். டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ் பிரிவை ஆடிட்பால் கட்டளையில் ஒரே வரியில் இயக்கலாம். ஆறு குரூப்புகள், அவற்றுக்குள் அடங்கிய குரூப்புகள், அட்மின் கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றம், அட்மின்எஸ்டிஹோல்டர், டொமைனின் வேர்ப் பொருள், 1102, 4719: தொடங்க இவ்வளவு போதும். இதற்கான வசதிகள் அனைத்தும் 2008 முதல் விண்டோஸ் சர்வருக்குள்ளேயே, தனிக் கட்டணம் இல்லாமல் இருக்கின்றன.